வேலூரில் பிள்ளைகளை எண்ணிய விஞ்ஞானி: ககன்தீப் காங்கின் ஆராய்ச்சியும் எங்கள் தீவகமும்

வேலூர் ஆஸ்பத்திரி என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம், என்னவென்று பிடிபடாத காய்ச்சல் என்று காணியை ஈடு வைத்து அங்கே போனவர்கள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ஏழைக் குடியிருப்புகளில், குழந்தைகளுக்கு ஏன் வயிற்றோட்டம் வருகிறது, எந்தக் கிருமியால் வருகிறது, எத்தனை தரம் வருகிறது என்று ஆண்டுக்கணக்காக எண்ணிய ஒரு பெண் விஞ்ஞானியை எங்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ககன்தீப் காங்.

நான் தீவகத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊர்காவற்றுறையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிள்ளை நிறுப்பது, தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைப்பது, பதிவேடு எழுதுவது என்று என் காலம் போனது. பேராசிரியர் காங்கின் ஆராய்ச்சி எப்படி நடந்தது என்று வாசித்தபோது, அது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சியின் அடிப்படையும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்து எழுதிவைப்பதுதான். போரில் எங்களிடம் இல்லாமற் போனதும் அதுதான். அதனால்தான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

வேலூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள பழைய உறவு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1819 இல் இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் பார்த்தார். பின்னர் அவர் சென்னைக்குப் போனார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் தாய்மார் பிரசவத்தில் சாவதைப் பார்த்து, தானே மருத்துவம் படித்து வந்து, 1900 இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியசாலையைத் தொடங்கியவர் அவர். 1918 இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்த நிறுவனத்தில்தான் ககன்தீப் காங் மாணவியாகச் சேர்ந்தார்.

ஊர் ஊராக மாறிப் படித்தவர்

காங் 1962 நவம்பரில் சிம்லாவில் பிறந்தவர். தந்தை ரயில்வேயில் பொறியியலாளர். தாய் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்த ஆசிரியை. தந்தையின் வேலை மாற்றங்களால் குடும்பம் வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடங்களும் மாறின. பன்னிரண்டு வயதுக்குள் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு சிறிய ஆய்வுகூடம் அமைத்துவிட்டார்.

1987 இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1991 இல் நுண்ணுயிரியலில் எம்.டி. பட்டமும் 1998 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரிக்குப் போய், குடல் வைரசுகள் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற மேரி எஸ்டெஸ் அம்மையாரிடம் பயிற்சி பெற்றார். அங்கேயே இருந்திருக்கலாம். அவர் வேலூருக்குத் திரும்பி வந்தார்.

நுண்ணுயிரியல் என்பது எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கனவு அல்ல. டொக்டர் என்றால் கழுத்தில் குழாய், முன்னால் நோயாளி வரிசை. நுண்ணுயிரியல் மருத்துவரோ இரத்தம், சளி, மலம் ஆகியவற்றோடு ஆய்வுகூடத்துக்குள் இருப்பவர். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வருத்தத்துக்கு எந்தக் கிருமி காரணம் என்று தெரியாமல், அடுத்த பிள்ளைக்கு அது வராமல் தடுக்க முடியாது. காங் தெரிந்தெடுத்தது அந்த வேலையை.

சக்கரம் போன்ற கிருமி

ரோட்டா என்றால் இலத்தீன் மொழியில் சக்கரம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்த வைரஸ் வண்டிச் சில்லுப் போலத் தெரியும். 1973 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளின் குடலில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன், குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்தில் பெரும்பங்குக்குக் காரணம் சொல்ல முடியாமல் இருந்தது. எங்கள் ஊர்களில் பல்லு முளைக்கிறது, நாவூறு பட்டுவிட்டது, சூடு பிடித்துவிட்டது என்று சொன்னார்கள்.

உலகத்தில் எந்த நாட்டில் பிறந்தாலும், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் ரோட்டா ஒரு தரமாவது தொற்றும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் தொற்றும், நெடுந்தீவில் பிறந்த பிள்ளைக்கும் தொற்றும். வேறுபாடு அதற்குப் பிறகுதான். வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும்போது ஒரு கைக்குழந்தையின் உடம்பில் உள்ள தண்ணீர் ஒரே நாளில் வற்றிவிடக்கூடும். பக்கத்தில் ஆஸ்பத்திரி உள்ள பிள்ளை பிழைக்கும். இல்லாத பிள்ளைக்குக் கண் குழி விழும், அழுதால் கண்ணீர் வராது, பிறகு அழவும் மாட்டாது.

இந்தியாவில் தடுப்பூசி வருவதற்கு முன்னர், ஆண்டுதோறும் ஏறத்தாழ 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்தார்கள் என்பது காங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014 இல் வெளியிட்ட மதிப்பீடு. வயிற்றோட்டத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட சிறு பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரளவில் இந்த வைரஸ் இருந்ததை நாடு தழுவிய கண்காணிப்புக் காட்டியது. இந்தக் கணக்குகள் வருவதற்கு முன் அதெல்லாம் வெறும் ‘வயிற்றோட்டம்’தான்.

கிழமைக்கு இரண்டு தரம், மூன்று வருடம்

இனி அவருடைய வேலையின் மையத்துக்கு வருகிறேன். 2002 இல் வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா என்ற நெருக்கமான பகுதிகள் அவை. பல வீடுகளில் பீடி சுற்றுவதுதான் வருமானம். அங்கே பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் 373 பேரை மூன்று வயது முடியும்வரை தொடர்ந்து பார்த்தார்கள்.

பார்த்தார்கள் என்றால், களப்பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் கிழமையில் இரண்டு தரம் போனார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டமா, காய்ச்சலா, இருமலா என்று கேட்டு எழுதினார்கள். பிள்ளை சுகமாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மலத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். வயிற்றோட்டம் வந்தால் இன்னும் அடிக்கடி எடுத்தார்கள். இப்படி மூன்று வருடம்.

வீட்டுத் தரிசிப்பு செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது இலேசான வேலை அல்ல. வெயிலில் போனால் வீடு பூட்டியிருக்கும். தாய் வேலைக்குப் போயிருப்பாள். மாமியார் வாசலில் நின்று ‘பிள்ளை நல்லாத்தான் இருக்கு, போங்கோ’ என்பார். சுகமாக இருக்கும் பிள்ளையின் மலத்தை எதற்குக் கேட்கிறீர்கள் என்று சண்டை வரும். ஒரு கிழமை போகாமல் விட்டால் அந்தக் கிழமையில் நடந்தது நிரந்தரமாகத் தொலைந்துவிடும். அந்தத் தாய்மாரும் களப்பணியாளர்களும் இல்லாவிட்டால் காங்கின் ஆய்வுகூடத்தில் எந்த இயந்திரம் இருந்தும் பயன் இருந்திராது.

2011 இல் இந்த ஆய்வின் முடிவு ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியானது. அதற்கு முன்னர் மெக்சிக்கோவில் 200 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைத்தான் உலகம் நம்பியிருந்தது. இரண்டு தரம் ரோட்டா தொற்றிய பிள்ளைக்குப் பிறகு கடுமையான வயிற்றோட்டம் வராது என்று அந்த ஆய்வு சொன்னது. வேலூரில் கண்டது வேறு. ஆறு மாத வயதுக்குள்ளேயே நூற்றுக்கு 56 பிள்ளைகளுக்குத் தொற்று வந்திருந்தது. திரும்பத் திரும்பத் தொற்றியது. மூன்று தரம் தொற்றிய பிறகும், கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு நூற்றுக்கு 79 தான்.

அதன் பொருள் என்ன? நெருக்கமும் அழுக்குத் தண்ணீரும் உள்ள இடத்தில் பிறந்த பிள்ளையைக் கிருமி முந்திப் பிடிக்கிறது, அடிக்கடி பிடிக்கிறது. அந்தப் பிள்ளையின் உடம்பு கற்றுக்கொள்ளும் பாதுகாப்பும் குறைவாக இருக்கிறது. மெக்சிக்கோவில் எடுத்த கணக்கை வைத்து வேலூர்ப் பிள்ளைக்குத் திட்டம் போட முடியாது. வேலூர்க் கணக்கு வேலூரில்தான் எடுக்கப்பட வேண்டும்.

பாதிப் பலனும் பெரிய பலன்

ரோட்டாவுக்கு முதலாவது தடுப்பூசி 1998 இல் அமெரிக்காவில் வந்தது. சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் சிக்கல் ஏற்பட்டதால் அடுத்த வருடமே நிறுத்தப்பட்டது. 2006 இல் பாதுகாப்பான வேறு இரண்டு தடுப்பூசிகள் வந்தன. விலை அதிகம். அத்தோடு, பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 85 க்கு மேல் பலன் தந்தவை ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பாதியளவு பலனையே தந்தன. காங்கின் ஆய்வு சொன்னதற்கு இது பொருந்தியது.

இந்தியாவில் உருவான ‘ரோட்டாவாக்’ தடுப்பூசியின் மூலம் ஒரு குழந்தைதான் என்று சொல்லலாம். 1980 களில் டில்லியில் பேராசிரியர் எம்.கே. பான் குழுவினர், புதிதாகப் பிறந்த குழந்தைகளில் நோய் எதுவும் உண்டாக்காமல் தங்கியிருந்த ஒரு ரோட்டா வைரஸ் வகையைக் கண்டார்கள். அதிலிருந்து ஐதரபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம் சொட்டு மருந்து தயாரித்தது. டில்லி, பூனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்துப் பரிசோதித்தார்கள். வேலூர்ப் பகுதியை நடத்தியதிலும் ஆய்வுகூடப் பரிசோதனைகளிலும் காங்கின் பங்கு பெரியது. 2014 இல் முடிவு வந்தது. கடுமையான ரோட்டா வயிற்றோட்டத்தை நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல் தடுத்தது.

‘பாதிதானே’ என்று சிலர் கேட்டார்கள். குறைவான பிள்ளைகள் சாகும் நாட்டில் 95 சதவீதம் பலன் தரும் மருந்து காப்பாற்றும் உயிர்கள் சில. பல்லாயிரம் பிள்ளைகள் சாகும் நாட்டில் பாதிப் பலன் காப்பாற்றும் உயிர்கள் பல்லாயிரம். கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வேறுபாடு விளங்கும். 2016 இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டாத் தடுப்பூசி, அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்து, 2019 இல் இந்தியா முழுவதும் இலவசமாகக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. 2018 இல் ரோட்டாவாக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றும் கிடைத்தது.

பலிக்காததையும் எழுதிவைத்தவர்

காங்கின் தொழில்வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தடுப்பு மருந்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஏன் குறைவாகப் பலிக்கிறது என்று அவரும் அவருடைய சகாக்களும் தொடர்ந்து தேடினார்கள். துத்தநாகச் சத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலுக்கு நல்லது செய்யும் பக்ரீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். போலியோச் சொட்டு மருந்துக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குடலைச் சுத்தமாக்கிப் பார்த்தார்கள். கெட்ட கிருமிகள் குறைந்தன, ஆனால் சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் போத்தலில் அடைத்த சுத்தமான குடிதண்ணீர் கொடுத்தும் பார்த்தார்கள். குடிக்கும் தண்ணீரை மட்டும் மாற்றியதால் வயிற்றோட்டம் பெரிதாகக் குறையவில்லை. கை, பாத்திரம், தரை, மலசலகூடம், பக்கத்து வீட்டு வாய்க்கால் எல்லாம் பழையபடி இருந்தால் கிருமிக்கு வழி பல.

இவற்றை எல்லாம் மறைக்காமல் வெளியிட்டார்கள். பலிக்காத முயற்சியை எழுதிவைத்தால், இன்னொரு நாட்டில் இன்னொரு பிள்ளையில் அதே முயற்சியைச் செய்து காலத்தையும் காசையும் வீணாக்க வேண்டியதில்லை.

ரோட்டாவோடு அவர் நிற்கவில்லை. நெருப்புக்காய்ச்சல் இந்தியாவில் உண்மையில் எவ்வளவு என்று அறிய, டில்லி, கொல்கத்தா, பூனே, வேலூர் ஆகிய இடங்களில் 24,000 க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்த பெரிய ஆய்விலும் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. காய்ச்சல் வந்த பிள்ளையின் இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் வைத்துக் கிருமியை உறுதி செய்தார்கள். நெருக்கமான நகரப் பகுதிகளில் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு 500 க்கு மேல், சில இடங்களில் 1,000 க்கும் மேல் நெருப்புக்காய்ச்சல் இருந்தது தெரியவந்தது.

2016 இல் இன்போசிஸ் பரிசு, 2019 இல் லண்டன் றோயல் சொசைட்டியின் உறுப்புரிமை, 2024 இல் கனடாவின் கெய்ட்னர் உலக சுகாதார விருது என்று கௌரவங்கள் வந்தன. 1660 இல் தொடங்கிய றோயல் சொசைட்டிக்குத் தெரிவான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். பரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு 2020 வரை தலைமை தாங்கினார். கொரோனாக் காலத்தில் பயமுறுத்தாமலும் பொய் நம்பிக்கை கொடுக்காமலும் சனத்துக்கு விளங்கும்படி பேசியவர்களில் அவரும் ஒருவர். 2023 இல் கேட்ஸ் அறக்கட்டளையில் குடல் நோய்கள் தொடர்பான பொறுப்பை ஏற்றார்.

எங்களிடம் இல்லாத கணக்கு

இதை வாசிக்கும்போது என் மனம் எங்கே போனது என்பதையும் சொல்லவேண்டும்.

1990 களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்தது. தோணியிலும் கால்நடையிலும் போனவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், பதிவேடுகளைத் தூக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி போட்டது, யாருக்கு நிறை குறைந்தது என்று வருடக்கணக்காக எழுதியவை மேசையிலேயே கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது, அங்கே அடைக்கலம் தேடியிருந்த தீவகத்தவர்கள் இரண்டாம் தரம் நடந்தார்கள்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருந்தோம். மாரி மழை. ஒரு வகுப்பறையில் நான்கைந்து குடும்பம். மலசலகூடத்துக்கு வரிசை. கிணற்றைச் சுற்றிச் சேறு. சவர்க்காரம் தட்டுப்பாடு, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த காலம். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு வாந்தியோடு வயிற்றோட்டம் தொடங்கியது. சீனி தேடி மூன்று குடும்பங்களிடம் போனேன். கரைசல் பருக்கினோம், வாந்தி எடுத்தது. மறுநாள் விடிய சைக்கிளில் கொண்டு புறப்பட்டார்கள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது.

அந்தப் பிள்ளை ரோட்டாவால் இறந்ததா, வாந்திபேதியாலா, வேறு கிருமியாலா என்று எவருக்கும் தெரியாது. பரிசோதிக்க ஆய்வுகூடம் இல்லை. மரணப் பதிவு நடந்ததா என்பதும் தெரியாது. நான் ஒரு பள்ளிக் கொப்பியின் கடைசித் தாளில் பெயரையும் திகதியையும் எழுதினேன். அந்தக் கொப்பியும் அடுத்த இடப்பெயர்வில் போனது. குண்டில் இறந்தவர்களையாவது பட்டியல் போட முயன்றோம். முகாம்களில் வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் போன கைக்குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களும் போரில் இறந்தவர்கள்தான்.

அகதி முகாமில் நிரூபிக்கப்பட்ட மருந்து

அதே நேரம், போருக்குள்ளும் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று, 1971 பங்களாதேஷ் போர். எல்லையில் பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துபோனபோது, டொக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர்களைக் கொண்டே பருக்கவைத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில், கரைசல் குடித்தவர்களில் இறப்பு நூற்றுக்கு 4 க்கும் கீழே வந்தது. இன்று நாங்கள் ‘ஜீவனி’ என்று வாங்கும் பைக்கற்றின் பலன் பெரிய அளவில் நிரூபிக்கப்பட்டது அந்த அகதி முகாமில்தான். அவரும் எண்ணி எழுதியதால்தான் உலகம் நம்பியது.

மற்றது எங்கள் நாட்டிலேயே நடந்தது. இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993 இல் கண்டறியப்பட்டார். 1995 இல் தேசிய போலியோத் தடுப்பு நாட்கள் தொடங்கியபோது, சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை நிறுத்திய நாட்கள் இருந்தன. பிள்ளைகளின் வாயில் விழுந்த இரண்டு துளிக்காகச் சண்டை ஓய்ந்தது என்பதை இளைய தலைமுறை அறியவேண்டும்.

தீவகத்தில் இன்று

போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் தண்ணீர்ப் பிரச்சினை முடியவில்லை. யாழ்ப்பாணமும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றன. மழைநீர் அந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. மலசலகூடக் குழியில் இறங்குவதும் அதே துளைகளால்தான் கிணற்றுக்குப் போகிறது. யாழ். மாவட்டத்தில் நெருப்புக்காய்ச்சல் விட்டகலாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். தீவகத்தில் பல கிணறுகள் உவர். பௌசரில் வரும் தண்ணீரைப் பிடித்து நாட்கணக்கில் வைத்துப் பாவிக்கிறோம். பிடிக்கும்போது சுத்தமாக இருந்தாலும், மூடாத வாளியில் கை விட்டு அள்ளினால் அது பௌசர்த் தண்ணீர் அல்ல, கைத் தண்ணீர்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஊர்காவற்றுறையில் இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் பண்ணைப் பாலம் வழியாகப் போகலாம். நெடுந்தீவுத் தாய்க்குக் கடல் இடம் கொடுக்க வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகு வந்து சேரும்வரை பிள்ளையின் உடம்பில் தண்ணீர் நிற்க வேண்டும். ஆகவே தீவில் உள்ள வீட்டுக்கு ஜீவனி பைக்கற் என்பது நெருப்புப்பெட்டி போல எப்போதும் இருக்கவேண்டிய பொருள்.

பைக்கற் இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடக்கூடாது. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ‘தண்ணி குடுத்தால் இன்னும் போகும்’ என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சைப் பணிவாகத் தள்ளிவையுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால், கண் குழி விழுந்தால், சலம் போகாவிட்டால், எதைக் கொடுத்தாலும் சத்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு விடயம். பிரித்தானியா 2013 இல் இருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ரோட்டாச் சொட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் ஊர்ப் பேரப்பிள்ளைகளில் லண்டனில் பிறந்தவர்களுக்கு எட்டாம் கிழமையில் அது கிடைக்கிறது. இலங்கையின் இலவச அட்டவணையில் ரோட்டா இல்லை, தனியாரிடம் காசுக்கு வாங்கலாம். இலங்கையில் வயிற்றோட்ட மரணங்கள் குறைவு என்பது உண்மை, அது எங்கள் சுகாதார சேவையின் பெருமை. ஆனால் நாட்டின் சராசரிக்குள் தீவுகள் மறைந்துவிடுகின்றன. வேலூர்க் கணக்கை வேலூரில் எடுத்ததுபோல, நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பிள்ளைகளின் கணக்கை இங்கேதான் எடுக்கவேண்டும். அதை வைத்துத்தான் எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கமுடியும்.

அதற்குப் பெரிய கட்டடம் முதலில் தேவையில்லை. தாய்மார் பிள்ளையின் கொப்பியைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுவரலாம். வயிற்றோட்டம் வந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லலாம். பல பிள்ளைகளுக்கு ஒரே கிழமையில் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்தோடு கிணற்று மூடிக்கும் மலசலகூடத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

யாழ். பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது. தீவகத்தில் இருந்து அங்கே போகும் பிள்ளைகளுக்கும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். நுண்ணுயிரியலும் ஒரு மருத்துவம்தான். நோயாளி உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் நீங்கள் எழுதிவைக்கும் எண்ணைப் பார்த்து ஓர் அரசாங்கம் தன் முடிவை மாற்றும். வேலூரில் பீடி சுற்றும் குடும்பங்களின் 373 பிள்ளைகள் ஒரு நாட்டின் தடுப்பூசிக் கொள்கைக்கு ஆதாரமானார்கள். எங்கள் பிள்ளைகளும் எண்ணப்பட வேண்டியவர்கள்.